எழுபதாவது கிலோமீட்டரில் ஒரு முழங்கை

என் நாத்தனார் என் ஆராய்ச்சியைத் திருடிவிட்டாள் என்று நான் முடிவு கட்டியது எங்கள் வீட்டு பிரிண்டரின் முன்னால், ஒரு காலையில், பல்கூடத் தேய்க்காமல் நின்றபோது. அந்த பிரிண்டரை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் என் கணவர் அதில் வினாத்தாள் அடிப்பார். நானும் அவருடைய தங்கையும் ஒரே ஆராய்ச்சி நிறுவனத்தில் வேறு வேறு மாடியில் உட்கார்ந்து, வேறு வேறு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள். நாங்கள் கிராஃப் அடிப்போம்.

அன்று தட்டில் கிடந்தது அவளுடைய தாள். மூலையில் அவள் பெயர், அவளுடைய செயற்கைக்கோளின் பெயர். அடுத்தவர் தாளைப் படிப்பது தப்பு என்று எனக்கும் தெரியும். படித்தேன். கீழிருந்து மேலே உயரம், குறுக்கே எவ்வளவு ஓசோன் குறைந்தது என்ற அளவு. கோடு தரையிலிருந்து சாதுவாக மேலே ஏறி, எழுபது கிலோமீட்டர் கிட்டே போனதும் சட்டென்று ஒரு பக்கமாக மடங்கியது. மடக்கி வைத்த முழங்கை மாதிரி.

அந்த முழங்கையை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

"அண்ணி, என் பேப்பர் வந்துடுச்சா?" என்று பின்னால் குரல் கேட்டது. அவள் நடந்தால் சத்தமே வராது, அதனால் மனதுக்குள் நான் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூனை. நான் தாளை நீட்டினேன். அவள் அதை வாங்கி, கிராஃப் உள்பக்கம் போகிற மாதிரி இரண்டாக மடித்துக்கொண்டு போய்விட்டாள். எதற்கு மடிக்க வேண்டும்?

முழங்கை ஏன் என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சும்மா ஆடியது மாதிரி தெரியும்.

சூரியனில் அவ்வப்போது ஒரு வெடிப்பு நடக்கும். அதிலிருந்து புரோட்டான்கள் கூட்டமாகக் கிளம்பி வரும். பூமியின் காந்தப்புலம் அவற்றை நம் தலையில் விழ விடாது. ஓரங்கட்டி, இரண்டு துருவத்துக்கும் தள்ளிவிடும். அங்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் மெல்லிய காற்றில் அவை வந்து மோதி நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் உடைக்கும். உடைந்த துண்டுகள் சும்மா இருக்காது. நைட்ரஜன் ஆக்சைடாகச் சேரும், அங்கே கொஞ்சநஞ்சம் இருக்கும் தண்ணீர் ஆவியையும் உடைக்கும், எல்லாம் சேர்ந்து ஓசோனைத் தின்ன ஆரம்பிக்கும். தண்ணீரிலிருந்து வந்த துண்டுகளுக்கு ஆயுசு குறைவு, எழுபது கிலோமீட்டருக்கு மேலே முக்கியமாகத் தின்பது அவைதான். நைட்ரஜன் ஆக்சைடு அப்படியில்லை. அதை அழிக்க வெயில் வேண்டும். துருவத்துக் குளிர்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அதனால் அது இருட்டில் சாவகாசமாக வாழ்ந்துகொண்டு, மெல்ல மெல்லக் கீழே இறங்கும்.

அந்தக் குளிர்காலத்தில், நடு இருட்டு தாண்டிய கொஞ்ச நாளில், ஒரு பெரிய சூரியப் புயல் அடித்தது. என் கருவி அதைப் பார்த்தது. பார்த்தது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், அந்தப் புரோட்டான்கள் என் கருவியையும் சேர்த்துத்தான் அடித்தன. வீட்டில் புகுந்த திருடன் கேமராவையும் உடைத்துவிட்டுப் போனால், அதில் பதிந்த படத்தை எவ்வளவு நம்பலாம்? அதைச் சலித்து எடுப்பதுதான் என் வேலை. சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி வைக்க முடியவில்லை என்று என் கணவர் சொல்வார். அவர் சொல்வதில் பாதி உண்மை.

சலித்துப் பார்த்ததில் கிடைத்த செய்தி என்னையே தூக்கிவாரிப் போட்டது. எழுபது கிலோமீட்டருக்கு மேலே புயலில் குறைந்த ஓசோன், புயல் ஓய்ந்த பிறகும் திரும்பவில்லை. வாரக்கணக்கில் இன்னும் இன்னும் குறைந்துகொண்டே போனது. இதுவரை எல்லோரும் சில நாளில் திரும்பிவிடும் என்றுதான் எழுதியிருந்தார்கள். பெரிய விஷயம். யாரிடமும் மூச்சு விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரே ஒரு அழுக்கு அந்த முழங்கை. என் கருவியில் இரண்டு கண்கள். ஒன்று எழுபது கிலோமீட்டருக்குக் கீழே பார்க்கும், இன்னொன்று மேலே. இரண்டு கண் பார்த்ததையும் நான் ஒட்டுப் போட வேண்டும். கோடு சரியாக அந்த ஒட்டு இருக்கும் இடத்தில்தான் மடங்கியது. ஒட்டு சரியில்லை, அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தேன். பூனையின் செயற்கைக்கோளில் இருப்பது ஒரே கண். ஒட்டே கிடையாது. ஒட்டு இல்லாத இடத்தில் ஒட்டின் தழும்பு எப்படி வரும்?

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என் கணவர் தன் வகுப்பில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். பரீட்சையில் இரண்டு பேர் பார்த்து எழுதியதைக் கண்டுபிடித்துவிட்டாராம்.

"எப்படிண்ணா கண்டுபிடிச்சே?" என்றாள் பூனை.

"சரியான விடை ரெண்டு பேருக்கு ஒண்ணா வரலாம் பாப்பா. தப்பான விடை ஒண்ணா வந்தா ஒருத்தன் இன்னொருத்தனைப் பாத்திருக்கான்னு அர்த்தம். அவ்வளவுதான்."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. எப்போதும் இரண்டாம் தடவை போட்டுக்கொள்கிறவள்.

அதன் பிறகு எனக்கு எல்லாமே தெரிய ஆரம்பித்தது. நான் கூடத்துக்கு வந்தால் அவள் மடிக்கணினியை மூடுகிறாள். ஃபோன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். போன மாதம் ஸ்டேப்ளர் வேண்டும் என்று என் மாடிக்கு வந்தாள். அவளுடைய மூன்றாவது மாடியில் ஸ்டேப்ளர் இல்லையா என்ன? ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "அண்ணி, உங்க பாஸ்வேர்ட் இன்னும் அண்ணன் பொறந்த நாள்தானா?" என்று கேட்டிருந்தாள். அப்போது நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் இருந்துகொண்டு, எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, என் பிரிண்டரிலேயே அடித்திருக்கிறாளே என்று.

நேரில் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பாள். இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். பிறகு எதற்குக் கேட்பது என்று நினைத்தேன். இதுதான் அன்றைக்கு என் நியாயம்.

புகார்களை விசாரிக்கும் குழுவின் தலைவருக்கு எங்கள் நிறுவனத்தில் 'பொதுவா சார்' என்று பெயர். எந்த வாக்கியத்தையும் அப்படித்தான் ஆரம்பிப்பார். அவருடைய அறையில் இரண்டு நாற்காலி, அதில் ஒன்றில் எப்போதும் ஒரு குடை. குடையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட இருந்தது.

"பொதுவா, இந்த மாதிரி விஷயத்துல உறவுக்காரங்க வந்து புகார் குடுக்க மாட்டாங்க" என்றார்.

"உறவு வீட்டுல சார்."

"சரி. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க. அந்தப் பொண்ணோட ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கலாமா வேண்டாமான்னு குழு பாக்கப்போறது இந்த ஒரு ஆராய்ச்சியத்தான். வேற எதுவும் அவகிட்ட இல்ல. உங்க புகார் நின்னா அவளுக்கு வேலை இல்ல. தெரியும்தானே?"

எனக்குத் தெரியாது. அவள் வீட்டில் சொல்லவில்லை. அவள் அண்ணனுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த நிமிடமே, ஓகோ, அதுதான் காரணமா என்று தோன்றியது. வேலை போகப்போகிறது, கையில் ஒன்றும் இல்லை, எதிரிலேயே அண்ணியின் கணினி. காரணமும் கிடைத்துவிட்டது. புகாரில் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முடிவு யாருடையது என்று தகராறு வந்தால், இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, செயற்கைக்கோள் அனுப்பிய மூலத்தரவைக் கையில் கொடுத்து, முதலிலிருந்து கணக்குப் போடச் சொல்வார்கள். இதற்குப் பெயர் எதிரெதிர்க் கணக்கு. பேசக் கூடாது. பழைய கோப்பு எதையும் திறக்கக் கூடாது. திருடி எழுதியவன் திரும்ப எழுதிக் காட்டமுடியாது என்பது நம்பிக்கை. புகார் கொடுத்தவரும் உட்கார்ந்தாக வேண்டும், அதனால் பெயரை மறைக்கவும் வழியில்லை.

அறிவிப்பு அவளுக்குப் போன அன்று சாயங்காலம் நான் தயாராகத்தான் இருந்தேன். அழுவாள், கத்துவாள், அண்ணனிடம் போய்ச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து, குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

"அண்ணி, வெள்ளிக்கிழமை ஒண்ணாவே கிளம்பிடலாமா? எட்டரை பஸ்ல கூட்டம் இருக்காது."

"சரி" என்றேன்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"நானும் சொல்லல" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். இவ்வளவு அமைதியாக இருக்கிறாள் என்றால் ஏதோ ஏற்பாடு செய்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். குற்றம் செய்யாதவர்களும் அமைதியாக இருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரே பஸ்ஸில் போனோம். எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் எடுத்தாள். அதுகூட எனக்கு லஞ்சம் மாதிரி தெரிந்தது.

அறையில் இரண்டு பேரும் முதுகோடு முதுகாக உட்காரும்படி மேசைகளைப் போட்டிருந்தார்கள். ஆனால் என் எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் அவளுடைய திரை மங்கலாகத் தெரிந்தது. நான் அதைச் சொல்லவில்லை. பொதுவா சார் மூலையில் செய்தித்தாளோடு உட்கார்ந்தார். நான் என் வேலையைச் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எங்கே தடுமாறுவாள், எந்த இடத்தில் மாட்டுவாள் என்று.

அவள் தடுமாறவில்லை. மூலத்தரவைத் திறந்தாள். புயலடித்த நாட்களில் புரோட்டான் அடித்து வெள்ளையாகிப்போன புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நான் தள்ளும் முறை வேறு. அவளுடையது கொஞ்சம் சுற்றுவழி, ஆனால் மோசமில்லை. துருவத்தை ஒட்டிய அளவுகளை மட்டும் பிரித்தாள். இரவை மட்டும் எடுத்தாள். புயலுக்கு முன், புயலுக்குப் பின் என்று சராசரி போட்டாள். இடையில் ஒருமுறை தலையைச் சொறிந்துகொண்டு, எழுதிய நாலு வரியை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். மனப்பாடம் செய்தவள் அப்படி அழிக்கமாட்டாள். என் சந்தேகத்தில் ஒரு சின்ன ஆட்டம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் திரையில் கோடு வந்தது. மங்கலான கண்ணாடியிலேயே தெரிந்தது. எழுபது கிலோமீட்டரில் முழங்கை.

என் கண் எதிரே, அவளுடைய தரவிலிருந்து, அவளுடைய கையால் வந்திருக்கிறது. திருடவில்லை. எனக்கு முகம் சுட்டது. அவமானம்தான், வேறு என்ன. ஆனால் அதற்கும் பின்னால் இன்னொன்று நெளிந்தது. ஒற்றைக் கண் கருவியில் ஒட்டு கிடையாது. அப்படியென்றால் முழங்கை ஒட்டினால் வரவில்லை. பிறகு எதனால் வந்தது?

பொதுவா சாருக்கு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். நான் நாற்காலியைத் திருப்பினேன்.

"உன்னோட முழங்கை எப்படி வந்துச்சு?"

அவளும் திரும்பினாள். "எது?"

"எழுபதுல மடங்குதே, அது."

"உங்களுக்கும் மடங்குதா?" எழுந்து என் மேசைக்கு வந்தாள். என் கிராஃபை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தைப் பார்த்தாலே அது தெரிந்தது. விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே மடக்கு வரைக்கும் போனாள். "அண்ணி, நான் இத நிஜமான விஷயம்னு நெனச்சேன். மேலயிருந்து நைட்ரஜன் ஆக்சைடு அந்த எடத்துல வந்து தேங்குதுன்னு எழுதியிருக்கேன்."

"நான் என் ஒட்டு சரியில்லன்னு நெனச்சேன்."

"ரெண்டு கருவியும் வேற வேற. கழிக்கிற முறையும் வேற. நான் வெள்ளைப் புள்ளிய எடுத்தது வேற மாதிரி."

"தெரியும். பாத்தேன்."

"எங்க பாத்தீங்க?"

நான் ஜன்னலைக் காட்டினேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது என்ன?" என்றாள்.

முதலிலிருந்து இரண்டு பேரும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தோம். கருவி வேறு. சுற்றுப்பாதை வேறு. சலிப்பது வேறு. சராசரி போடுவது யார் போட்டாலும் ஒன்றுதான், அதில் தப்பு வர இடமில்லை. மிச்சம் ஒன்றே ஒன்று.

"நைட்ட எப்படிப் பிரிச்சே?" என்று கேட்டேன்.

"நம்ம பொது நிரல்தான். கீழ் மாடியில மேகம் பாக்கறவங்க எழுதி வெச்சது. எடத்தையும் நேரத்தையும் குடுத்தா பகலா ராத்திரியான்னு சொல்லுமே."

"நானும் அதேதான்."

சொல்லி முடிக்கும்போதே தப்பு எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

விளக்குகிறேன். எழுபது கிலோமீட்டருக்கு மேலே பகலில் வெயில் ஓசோனை உடைத்துக்கொண்டே இருக்கும், அதனால் ஓசோன் குறைவு. ராத்திரியில் உடைக்க ஆளில்லை, அதனால் அதிகம். ஆகவே ராத்திரியை ராத்திரியோடுதான் ஒப்பிட வேண்டும். இது இந்தத் துறையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். நாங்களும் ராத்திரியைத்தான் எடுத்தோம். ஆனால் யாருடைய ராத்திரி? மேகக்காரர்களின் நிரல், தரையில் நிற்கிறவனுக்குச் சூரியன் மறைந்துவிட்டால் ராத்திரி என்று சொல்லிவிடும். மேகம் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவர்களுக்கு அது போதும். எழுபது கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அதே சூரியன் இன்னும் மறைந்திருக்காது. கீழே தெருவிளக்குப் போட்ட பிறகும் மேலே வெயில் அடிக்கும். அதுவும் துருவத்தில் சூரியன் நம் ஊரில் இறங்குவதுபோல் சரசரவென்று இறங்காது. அடிவானத்துக்குக் கொஞ்சம் கீழேயே மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

நடு இருட்டு தாண்டிவிட்டது அல்லவா. நாளாக நாளாகச் சூரியன் அடிவானத்தை நெருங்கி வந்தது. நாங்கள் ராத்திரி என்று அள்ளிப் போட்டதில் மேலே வெயில் அடித்த நேரங்கள் கூடிக்கொண்டே போயின. ஓசோன் குறைந்துகொண்டே போனதுபோல் தெரிந்ததற்கு அதுதான் காரணம். எழுபதுக்குக் கீழே பகலுக்கும் ராத்திரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மேலே உண்டு. முழங்கை அங்கே வந்ததற்கும் அதுதான் காரணம். வானத்தை அளக்கிற இரண்டு பேரும் தரையில் நின்றுகொண்டு பொழுது பார்த்திருக்கிறோம்.

அவள் என் நாற்காலியின் கைப்பிடியிலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். மேலேயும் நிஜமாகவே இருட்டாக இருந்த அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் எடுத்தாள். முழங்கை போய்விட்டது. புயலடித்த நாட்களில் ஓசோன் சரிந்தது, சில நாளில் பழைய இடத்துக்குத் திரும்பியது. எல்லோரும் எழுதியது எழுதியபடி. புயல் தின்றது உண்மைதான். தின்றுவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிருந்தது. எங்களுடைய பெரிய செய்தி அங்கேயே செத்துப் போனது.

"போச்சு" என்றாள் மெதுவாக.

எனக்குப் போனது ஒரு கட்டுரை. அவளுக்குப் போனது வேலை. அது அந்த அறையில் இரண்டு பேருக்குமே தெரியும். அவள் எழுந்து தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். திரையில் பழைய கோடு, முழங்கையோடு, அப்படியே இருந்தது. அவள் அதை மாற்றவில்லை.

பொதுவா சார் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். என் திரையிலும் நான் பழைய கோட்டையே திரும்ப வரவழைத்திருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்றால், அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்காக.

"பொதுவா, இவ்வளவு ஒண்ணா வந்து நான் பாத்ததில்ல" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, நீங்க புகார வாபஸ் வாங்கிக்கலாம். இந்தப் பொண்ணு தனியாத்தான் செஞ்சிருக்கா. ரெண்டு கருவி ஒரே முடிவச் சொன்னா அது இன்னும் பலம். நீட்டிப்புக்கு இதவிட என்ன வேணும்? வேற ஏதாவது சொல்லணுமா ரெண்டு பேரும்?"

பூனை என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். வாயைத் திறக்காதே அண்ணி என்று கெஞ்சுகிறாள் என்று அந்தப் பார்வைக்கு நான் பொருள் எடுத்துக்கொண்டேன். திருட்டு இல்லை, சரி. இதில் மாட்டுவாள் பார், இவளாக உண்மையைச் சொல்லமாட்டாள், இவள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் முதலில் அவள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பொதுவா சார் செய்தித்தாளை மடித்தார். குடையைத் தேடினார். கதவு வரைக்கும் போய்விட்டார்.

"சார்" என்றாள் அவள். "ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ரெண்டும் தப்பு."

அவர் திரும்பி வந்தார். அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். மேகக்காரர்களின் நிரல், தரையின் ராத்திரி, மேலே அடித்த வெயில். 'நாங்க கண்டுபிடிச்சோம்' என்றே சொன்னாள், தான் மட்டும் என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"அப்ப நீட்டிப்புக்கு வைக்க ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் அவர். இந்தத் தடவை பொதுவா என்று ஆரம்பிக்கவில்லை.

"இல்ல சார்."

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. பெஞ்சின் ஒரு நுனியில் அவள், மறு நுனியில் நான். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதைத்தான் சொன்னேன்.

"புகாருக்கா?"

"ஆமா."

"அது பரவாயில்ல அண்ணி. எனக்கும் உங்க கிராஃபப் பாத்திருந்தா சந்தேகம் வந்திருக்கும்." கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "அவர் கேட்டப்போ நான் உங்களப் பாத்தேன்ல?"

"பாத்தே."

"நீங்க சொல்லுவீங்கன்னுதான் பாத்தேன். நீங்க நிரந்தர வேலை. நீங்க சொல்லியிருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. என் வாயாலயே என் வேலைய வேண்டாம்னு சொல்ல எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அவர் கதவுகிட்ட போற வரைக்கும் பாத்தேன்." வாரை விட்டாள். "நீங்க என்னை டெஸ்ட் பண்ணிட்டு இருந்தீங்க. இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவள் நம்பமாட்டாள், அவள் நம்பாததில் நியாயமும் இருந்தது.

"வேற ஊர்ல ஒரு காலேஜ்ல கேட்டிருந்தேன்" என்றாள். "ஃபோன்ல பேசிட்டிருந்தது அவங்ககிட்டத்தான். வரச் சொல்லியிருக்காங்க. சம்பளம் கம்மி. மாசக் கடைசியில கிளம்பறேன். அண்ணன்கிட்ட ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு மட்டும் சொல்லுவோம். புகார், விசாரணை எதுவும் வேண்டாம். அது தாங்காது அவனுக்கு. நீங்களும் அதையே சொல்லுங்க, நானும் அதையே சொல்றேன்."

சரி என்று தலையாட்டினேன். நன்றி என்றும் சொன்னேன். பஸ் வந்தது, அவள் முன்னால் ஏறினாள், எனக்கு ஜன்னல் பக்கத்து இடத்தை விட்டுக்கொடுத்து நின்றாள். நான் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பி இரண்டு நிறுத்தம்கூடத் தாண்டியிருக்காது, இவள் நிஜமாகவே அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பாளா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.